கரையில் நிற்பவர்களுக்கான படம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் வசிக்கும் ஒரு தந்தை, தம்முடைய பத்து வயது மகன் ‘அக்வாமேன்’ படத்தை எத்தனை முறை போட்டாலும் சலிக்காமல் பார்க்கிறான் என்றும், தமக்கோ அது அண்ணன் தம்பி அரியணைச் சண்டை என்ற பழைய கதையாகவே தெரிகிறது என்றும் சொல்லி, கடலுக்கு அடியில் நடக்கும் ஒரு சூப்பர் ஹீரோ படத்தில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நான் பதினான்கு ஆண்டுகளாக வடபழனிப் பக்கம் ஒரு கிராஃபிக்ஸ் கூடத்தில் தண்ணீர், புகை, நெருப்பு ஆகியவற்றைக் கணினியில் உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். ஸ்கூபா முக்குளிப்பும் கற்றிருக்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முயல்கிறேன்.

கதை பழையது என்பது உண்மைதான். ஒரு கலங்கரை விளக்கக் காவலர், காயம்பட்டுக் கரையொதுங்கிய கடலரசி அட்லான்னாவைக் காப்பாற்றுகிறார். இருவருக்கும் ஆர்தர் என்ற மகன் பிறக்கிறான். கடலிலிருந்து ஆட்கள் தேடி வந்ததும் அவள் கணவனையும் குழந்தையையும் காப்பதற்காகத் திரும்பிப் போய்விடுகிறாள். வளர்ந்த ஆர்தர், நிலத்தின்மீது போர் தொடுக்கத் துடிக்கும் தன் தம்பி ஓர்ம் என்பவனைத் தடுக்க, காணாமல் போன ஒரு சூலத்தைத் தேடிப் புறப்படுகிறான். இவ்வளவுதான் கதை. முடிவு தெரிந்தே விடிய விடியக் கூத்துப் பார்த்த மக்கள் நாம். கதை தெரியும் என்பதால் ஈர்ப்பு குறைந்துவிடாது. ஜேம்ஸ் வான் இயக்கிய இந்தப் படம் 2018 டிசம்பர் 14 அன்று, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே இங்கே வெளியானது. உலக அளவில் 110 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. அத்தனை பேரும் அரியணை யாருக்கு என்று தெரிந்துகொள்ளவா டிக்கெட் வாங்கினார்கள்?

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ ஒரு மாலை நேரத்தில் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கடலைப் பார்க்க வருகிறார்கள். வேட்டியையும் புடவையையும் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நிற்கிறார்கள். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மீனவர்களை விட்டால், இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கடலுக்குள் தலையை முக்கிக் கண்ணைத் திறந்ததே இல்லை. வாசலுக்கு எதிரிலேயே இருக்கும் ஒரு பெரிய வீடு, வாழ்நாள் முழுவதும் சாத்திய கதவோடு நிற்பதைப் போன்றது இது. விண்வெளிப் படம் எங்கோ தொலைவில் இருப்பதைக் காட்டுகிறது. கடலடிப் படம் அந்தச் சாத்திய கதவைத் திறக்கிறது. உங்கள் மகன் திருவான்மியூரில் வளர்கிறான் என்பதும் அவன் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்பதும் தற்செயலாகச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

கதவு திறந்ததும் முதலில் மாறுவது எடை. மற்ற சூப்பர் ஹீரோ படங்களில் பறப்பது ஒரு சிலருக்கே வாய்த்த வரம். மற்றவர்கள் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். தண்ணீருக்குள் எல்லோரும் பறக்கிறார்கள். காவலனும் பறக்கிறான், அரசியும் பறக்கிறாள், சுறாவின் மேல் அமர்ந்த படைவீரனும் பறக்கிறான். கீழே விழுவது என்ற அச்சமே அங்கே இல்லை. ஆகவே ஒரு சண்டையை அமைக்கும்போது மேலிருந்தும் கீழிருந்தும் பின்னாலிருந்தும் எதிரி வரலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பார்ப்பவரின் கண்ணுக்குத் தரை என்ற பிடிமானம் கிடைக்காது. குழந்தைகளுக்கு இது உடனே பிடித்துப்போவதன் காரணம் எளிமையானது: கனவில் பறக்கும்போது எப்படி இருக்குமோ, நீந்தும் உடல் அப்படித்தான் திரையில் தெரிகிறது.

அந்த உடலைத் திரையில் கொண்டுவருவதற்குப் பின்னால் உள்ள உழைப்பை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் படமான ‘அக்வாமேன்’, அதன் கடலடிக் காட்சிகளில் பெரும்பகுதியைத் தண்ணீரே இல்லாமல்தான் எடுத்தது. நம் கோடம்பாக்கத்தில் ரோப் கட்டித் தூக்குவது போல, நடிகர்களை இடுப்பில் பிணைத்து அந்தரத்தில் நிறுத்தி, பின்னால் புளூ மேட் என்னும் நீலத்திரை விரித்து, அவர்கள் மிதப்பதைப் போல மெதுவாகச் சாய்ந்து திரும்ப வைத்தார்கள். மீதி எல்லாமே கணினி வேலை. அதில் மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், அரண்மனையையோ திமிங்கிலத்தையோ சொல்ல மாட்டேன். தலைமுடி என்றுதான் சொல்வேன். காற்றில் முடி விழுந்து அடங்கும். தண்ணீருக்குள் அடங்கவே அடங்காது. தலை இடப்பக்கம் திரும்பினால் முடி ஒரு கணம் தாமதித்துத் தொடரும். தலை நின்ற பிறகும் முடி நிற்காமல் கடந்துபோய், பிறகு மெல்லத் திரும்பி வரும். அந்தத் தாமதத்தில்தான் தண்ணீர் இருக்கிறது. தாமதம் கொஞ்சம் குறைந்தால் ஆள் மின்விசிறிக்கு முன்னால் நிற்பதாகத் தோன்றும். கொஞ்சம் கூடினால் எண்ணெய்க்குள் மிதப்பதாகத் தோன்றும். ‘அக்வாமேன்’ படத்தில் நடிகர்களின் உண்மையான முடியை நீக்கிவிட்டுக் கணினியில் உருவாக்கிய முடியைக் காட்சி காட்சியாகப் பொருத்தியிருக்கிறார்கள். பார்க்கும் யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் கடலுக்குள் இருக்கிறோம் என்ற நம்பிக்கையைச் சுமப்பது அந்த முடிதான். ஆர்தருக்குத் துணையாக வரும் கடல்நாட்டு இளவரசி மேராவும் அவனும் பேசிக்கொண்டே நீந்தும் ஒரு சாதாரணக் காட்சியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, முடியை மட்டும் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

அடுத்து, வெளிச்சம். என் முதல் ஆழமான முக்குளிப்பு புதுச்சேரிக் கடலில், 18 மீட்டர் ஆழத்தில். இறங்குவதற்கு முன் படகில் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று சிவந்திருந்த என் கைப்பட்டை, கீழே போனதும் கருகிய பழுப்பாகிவிட்டது. மேலே வரும் வழியில் அது சிறிது சிறிதாகச் சிவப்பைத் திரும்பப் பெற்றதை இன்றும் மறக்கவில்லை. தண்ணீர், சூரிய ஒளியில் உள்ள சிவப்பை முதல் பத்து மீட்டருக்குள்ளேயே பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. ஆரஞ்சும் மஞ்சளும் அடுத்தடுத்து மங்குகின்றன. நீலம்தான் ஆழம் வரை போகிறது. 200 மீட்டருக்குக் கீழே மங்கலான அந்தி. 1000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சமே கிடையாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, படத்தின் நடுவில் வரும் படுகுழிக் காட்சியைப் பாருங்கள். இரவு, புயல், ஒரு சிறு படகு. வெளிச்சத்துக்கு அஞ்சும் கோரமான உயிர்கள் கூட்டம் கூட்டமாக ஏறி வருகின்றன. ஆர்தரும் மேராவும் எரியும் சிவப்புத் தீவட்டி ஒன்றைப் பிடித்தபடி கடலுக்குள் பாய்கிறார்கள். அப்போது கேமரா விலகி விலகிப் போய், கடலையே குறுக்காக அரிந்து காட்டியது போல ஒரு சட்டகத்தில் நிற்கிறது: நடுவே ஒரு சிறிய சிவப்பு வட்டம் கீழ்நோக்கி இறங்குகிறது, அதைச் சுற்றி, வட்டத்தைத் தொடாமல் விலகி விலகி, எண்ணிலடங்காத உடல்கள் சூழ்ந்து இறங்குகின்றன. சிவப்பைத் தண்ணீர் வேகமாக விழுங்கும் என்பதால் அந்த வெளிச்சம் எட்டும் தூரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த தூரமே இருவரின் உயிருக்கும் வேலியாகிறது. இயற்பியலும் பயமும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்த சட்டகத்தைச் சூப்பர் ஹீரோ படங்களில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இயக்குநர் பேய்ப்படங்களில் தேர்ந்தவர் என்பது இந்த இடத்தில் தெரிகிறது.

ஒலியைப் பற்றி ஒன்று மட்டும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்கிறது. காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதனால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் இரு காதுகளால் பிரித்தறிய முடிவதில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே கேட்பது போல இருக்கும். 2017-இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தில் இதே பாத்திரங்கள் பேசுவதற்காகக் காற்றுக்குமிழி ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ‘அக்வாமேன்’ அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு, கடல்மக்களை இயல்பாகவே பேசவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு அது வீடு; வீட்டில் பேசுவதற்கு யாரும் குமிழி கட்ட மாட்டார்கள்.

இனி நாயகனுக்கு வருகிறேன். கடல் நாயகர்கள் புதியவர்கள் அல்லர். நேமர் 1939-லும் அக்வாமேன் 1941-லும் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் தோன்றியவர்கள். ஆனால் அக்வாமேன் நெடுங்காலம் கேலிக்கு உள்ளானவர். மீனோடு பேசுவது ஒரு சக்தியா என்று தொலைக்காட்சி நகைச்சுவைகளில்கூடச் சிரித்தார்கள். இந்தப் படம் அந்தக் கேலியைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறது. சிறுவன் ஆர்தர் பள்ளிப் பிள்ளைகளோடு மீன்காட்சியகத்துக்குப் போகிறான்; கண்ணாடிக்கு முன்னால் நின்று மீன்களோடு பேசும் அவனை இரண்டு முரடர்கள் பிடித்துத் தள்ளுகிறார்கள். உடனே ஒரு சுறா வந்து கண்ணாடியில் மோதுகிறது. அறையில் அச்சம் பரவுகிறது. சிறுவன் திரும்பி நிற்க, அவனுக்குப் பின்னால் தொட்டியில் உள்ள அத்தனை மீன்களும் அணிவகுத்து நிற்கின்றன. தனியன் என்று நினைத்தவனுக்குப் பின்னால் ஒரு கடலே நிற்கிறது. பள்ளியில் ஒரு முறையாவது தனியாக நின்ற எந்தக் குழந்தையும் இந்தக் காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காது. உங்கள் மகனிடம் பிடித்த காட்சி எது என்று கேட்டுப் பாருங்கள். இதைச் சொன்னால் வியக்க மாட்டேன்.

பெரியவர்களுக்கான காட்சி வேறு. அட்லான்னா போன பிறகு, காவலர் நாள்தோறும் விடியற்காலையில் படகுத்துறையின் முனை வரை நடந்து சென்று, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆண்டுகள் ஓடி முடி நரைத்த பிறகும் நிற்கிறார். தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் நெய்தல் திணையை நினைக்காமல் இருக்க முடியாது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். சங்கப் பாடல்களில் கானற்சோலையில் நின்று கடல்வழி பார்த்து வருந்துபவள் பெரும்பாலும் தலைவி. இங்கே தலைவன் நிற்கிறான். அந்த ஒரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. வெடிச்சத்தமும் கலர் வெளிச்சமும் நிறைந்த ஒரு படத்தில், ஒரு வயதானவர் படகுத்துறையில் சும்மா நிற்பது மனத்தில் தங்குகிறது.

கதை பழையது என்றீர்களே, அது எவ்வளவு பழையது என்பதை மணிமேகலையில் பார்க்கலாம். சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி புகார் நகரத்துக் கடற்கரைப் புன்னைச் சோலையில் தனித்து நின்ற ஒரு பெண்ணைக் காண்கிறான். அவள் கடல் கடந்த நாகநாட்டு மன்னன் மகள் பீலிவளை. ஒரு மாதம் அவனோடு வாழ்ந்துவிட்டுச் சொல்லாமல் மறைந்துபோகிறாள். அவளுக்குப் பிறந்த மகனை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியின் மரக்கலத்தில் ஏற்றித் தந்தையிடம் அனுப்புகிறாள். அன்றிரவே கலம் உடைந்து குழந்தை காணாமல் போகிறது. மகனைத் தேடித் துயரத்தில் மூழ்கிய மன்னன் இந்திரவிழா எடுக்க மறக்கிறான்; மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் புகாரைக் கடல் கொள்கிறது. கரையில் நின்ற ஆண், கடலின் அப்பால் இருந்து வந்த பெண், இரண்டு உலகங்களுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை, ஊருக்குள் ஏறும் கடல்: எல்லாம் அங்கேயே இருக்கின்றன. சீத்தலைச் சாத்தனார் குழந்தையைத் தொலைத்தார். இந்தப் படம் குழந்தையை வளரவிட்டு, கடலைத் தடுக்க அனுப்புகிறது. பூம்புகாரில் வளர்ந்த ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால், படத்தில் வரும் கடலடி நாடான அட்லாண்டிஸ் என்ற பெயரைவிட அந்த உறவுகள்தான் அவருக்கு முதலில் புரியும்.

அட்லாண்டிஸையும் குமரிக்கண்டத்தையும் இணைத்துப் பேசுபவர்கள் நம்மிடையே உண்டு. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வது இலக்கியச் சான்று. கண்டம் அளவுக்கு ஒரு நிலம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதற்கு நிலவியல் சான்று கிடையாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதும், நம் கரை அப்போது வெகுதூரம் கிழக்கே நீண்டிருந்தது என்பதும் உண்மை. மூழ்கிய நகரம் என்ற எண்ணம் நம்மை ஏன் இவ்வளவு பற்றிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அதுவே போதும்.

சென்னையில் இந்தப் படத்தைப் பார்ப்பதில் இன்னொரு கனமும் இருக்கிறது. ஓர்ம் தன் போரின் முதல் அடியாக, மனிதர்கள் கடலில் கொட்டிய குப்பையையும் போர்க்கப்பல்களையும் ராட்சத அலைகளால் கரைக்கே திருப்பி எறிகிறான். அலை சாலையில் ஏறுகிறது. ஆர்தரும் அவன் தந்தையும் இருக்கும் வண்டி புரள்கிறது. தந்தையின் நுரையீரலில் புகுந்த நீரை மேரா தன் ஆற்றலால் வெளியே இழுக்கிறாள். இங்கே படம் வெளியாகி 12 நாளில் ஆழிப்பேரலையின் நினைவு நாள் வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் நடந்ததைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி வேடிக்கையாக இருந்திருக்காது. நுரையீரலிலிருந்து நீரை ஒரு கையசைவில் வெளியே எடுத்துவிட முடிந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கத்துக்குச் சினிமாவைத் தவிர வேறு இடம் இல்லை.

ஓர்ம் சொல்லும் குற்றச்சாட்டையும் நம்மால் எளிதில் தள்ள முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய், கட்டியாகத் திரண்டு பாறைகளில் படிந்தது; தன்னார்வலர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்தது. வில்லன் செய்வது கொடுமை. ஆனால் அவன் புகாரில் பொய் இல்லை. வில்லன் பேசும்போது பார்வையாளர் தலைகுனிய நேர்கிற சூப்பர் ஹீரோ படங்கள் அதிகம் இல்லை.

குறைகளும் உண்டு. இறுதிப் போரில் பல்லாயிரம் வீரர்களும் நண்டு வீரர்களும் ஒரே நேரத்தில் மோதும்போது தண்ணீர் காணாமல் போய்விடுகிறது. யாருக்கும் நீரின் தடை இல்லை, இருள் இல்லை, அதை வானத்தில் நடக்கும் போர் என்றே சொல்லிவிடலாம். நீர் காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அந்த அடர்த்தியை மறக்கும் காட்சிகள் எனக்கு ஒட்டுவதில்லை. 2023-இல் வந்த இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் வசூலில் பாதியைக்கூட எட்டாததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கடலின் புதுமை அதில் குறைந்துபோனது என்பதே என் வருத்தம். 2022-இல் வந்த ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ சூப்பர் ஹீரோ படம் இல்லை என்றாலும், நடிகர்களை உண்மையான நீர்த்தொட்டிக்குள் மூச்சடக்கி நடிக்க வைத்ததால் அதில் ஒவ்வொரு அசைவிலும் நீரின் கனம் தெரிகிறது, கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிடத்துக்கும் மேல் மூச்சடக்கியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ரோப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே பிடிபடும்.

மகனோடு பேசுவதற்கு இன்னும் ஒரு செய்தி தருகிறேன். ஆர்தர் உடலொன்றை மட்டும் நம்பி இறங்கும் ஆழத்துக்கு மனிதர்களை அனுப்பும் வேலை உங்கள் வீட்டுக்கு அருகிலேயே நடக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் ‘மத்ஸ்யா 6000’ என்ற நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. மூவரும் உட்காரும் டைட்டானியம் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டர்தான். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால், அந்த ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் சுமார் 600 கிலோ அழுத்தும். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு படுகுழிக் காட்சியை மறுபடியும் போட்டுப் பாருங்கள். பையன் வேறு கேள்விகள் கேட்பான்.

முடிந்தால், ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஓர் இரவு அவனை ஆமை நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவர் குழுவொன்று பல ஆண்டுகளாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால், கடலிலிருந்து ஏறி வந்த ஒரு தாய், மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கிப் போவதைக் காணலாம். அது யாருடைய கதை என்பதை உங்கள் மகனே உங்களுக்குச் சொல்லிவிடுவான்.